ரெண்டு ஜாடிக்கும்

உடைந்து தொலையேன் என்று லோசலீனி அந்தப் பல்துண்டிடம் கெஞ்சிக்கொண்டிருந்தாள். இழுவை இயந்திரத்தின் இரண்டு பிடிகளுக்கு நடுவே தீக்குச்சியைவிட மெல்லியதாக அது நின்றது. ஒரு பாதி டென்டின் என்கிற பல்லின் உள்திசு, மறுபாதி நிரப்புப் பொருள், நடுவில் கண்ணுக்குத் தெரியாத பசை. திரையில் எண் ஏறிக்கொண்டே போனது. அடைத்த பல் விழுந்துவிடக் கூடாதே என்று சாமி கும்பிடுகிற பல் டாக்டர்தான் இவளும். இந்த மூன்று நாளாகத்தான் விழு விழு என்று வேண்டிக்கொண்டிருக்கிறாள். கடைசியில் டிக்கென்று உடைந்தபோது வந்த எண், மருந்து தடவிய பல்லுக்கு வந்த அதே எண்.

ஃபிஜியின் கடாவு தீவு ஆஸ்பத்திரியில் இருந்த நான்கு வருடமும் தான் அடைத்த பற்களையே திரும்பப் பிடுங்கியவள் அவள். "அடைச்சாலும் விழுது, பிடுங்கிடு தாயி" என்று வாயைத் திறந்துகொண்டே ஜனங்கள் உள்ளே வருவார்கள். அந்த ஆத்திரத்தில்தான் தலைநகர் சுவாவுக்குப் படிக்க வந்தாள். பசைக்கு அடியில் இருக்கும் நார்களைப் பல்லின் சொந்த நொதிகளே கொஞ்சம் கொஞ்சமாக அரித்துவிடுகின்றன. பசை போடுவதற்கு முன் டென்டினில் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிக்கொல்லி மருந்தைத் தடவினால் அரிக்காது என்று நிரூபிக்க வேண்டும். அறுபது கடைவாய்ப் பற்கள். பாதிக்குத் தடவினாள், பாதிக்கு இல்லை. இரண்டு பாதியும் தனித்தனி ஜாடியில், உடம்புச் சூட்டில், ஒரு வருடம். வாரா வாரம் வெறும் தண்ணீர் மாற்ற வேண்டும். தடவாத பல் இப்போது பொலபொலவென்று உதிர வேண்டும். உதிரவில்லை. உதவித்தொகை இந்த மாதத்தோடு சரி.

"மூஞ்சிய ஏன் இப்படி வச்சிருக்க?" என்றார் ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்கிற சிட்டிவேனி. லோசலீனியின் அம்மா ஊர்க்காரர், அதனால் அவளுக்கு மாமா. "உன் பல்லுக்கு ஒரு குறையும் வராது. நீ உங்கப்பா சாவுக்குப் போயி நூறு நாள் துக்கம் முடிச்சிட்டு வர்ற வரைக்கும் பூஞ்சை அண்டாம பாத்துக்கிட்டேனே."

"எப்படிப் பாத்துக்கிட்டீங்க?"

"பிடுங்கின பல்லு ஜாடிக்கெல்லாம் எப்பவும் ஊத்துவேன்ல, அந்த ரோஸ் கலர் வாய்கொப்பளிக்கிற மருந்து. தண்ணி மாத்துறப்பல்லாம் ரெண்டு மூடி."

"எந்த ஜாடிக்கு மாமா?"

"ரெண்டுக்கும்தான். ஒண்ணுக்கு மட்டும் ஊத்துனா ஓரவஞ்சனை இல்லையா?"

சிரிப்பு வந்தது, அதுவே அழுகையாகி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "அந்த மருந்தத்தான் மாமா நான் சோதிக்கிறேன்" என்று சொல்லி முடிப்பதற்குள் அவர் முகம் செத்துவிட்டது. வெளியே போய்விட்டார்.

இரவெல்லாம் அவள் தூங்கவில்லை. நடந்ததை எழுதினால் ஒரு வருடம் பாழ், பட்டம் போச்சு. ஓய்வுக்கு இரண்டே வருடம் இருக்கும் மாமாவுக்கு வேலையும் போகும். அவள் ஆய்வுக்குப் பொறுப்பான பேராசிரியர் மகராஜ் இந்த மாதிரி விஷயத்தில் தயவு தாட்சண்யம் பார்க்கிறவர் இல்லை. எழுதாவிட்டால் பட்டம் கிடைக்கும். தடவினாலும் தடவாவிட்டாலும் ஒன்றுதான் என்று அவள் பெயரில் அச்சாகும். அதைப் படித்துவிட்டுத் தீவு தீவாக டாக்டர்கள் தடவுவதை விட்டுவிடுவார்கள். அந்த வாய்கள் எல்லாம் திறந்தபடி அவள் கண்முன் வந்து போயின. விடிந்ததும் ஆய்வு நோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மகராஜிடம் உண்மையைச் சொல்லக் கிளம்பினாள்.

வழியில், ஆய்வகத்து வாசலில் சிட்டிவேனி தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். இடுப்பில் கஞ்சி போட்டுத் தேய்த்த சூலு வேட்டி, பக்கத்தில் அவருடைய அண்ணன். குனிந்த தலைக்கு முன்னால் இரண்டு கைகளிலும் தம்புவா. எண்ணெய் பூசிப் பழுப்பேறிய திமிங்கிலப் பல். அவர் குடும்பத்தில் இருந்த ஒரே ஒன்று என்று அவளுக்குத் தெரியும்.

"தெரியாம பண்ணிட்டேன் லோசா" என்றார், நிமிராமலே. "உன் ஒரு வருஷத்தக் கெடுத்துட்டேன். இத வாங்கிக்கோம்மா. இதோட புதைச்சிடலாம்."

வாங்கிவிட்டால் புதைத்ததுதான். அதன்பிறகு அந்தத் தப்பை வாயால் சொல்லக் கூடாது, எழுதவும் கூடாது. வாங்க மாட்டேன் என்று தம்புவாவைத் திருப்பியவர் யாரும் அவள் வம்சத்தில் இல்லை.

"லோசலீனி, ரிசல்ட் என்னாச்சு?" என்று கேட்டபடி வந்த மகராஜ், தரையில் இருந்தவர்களைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார். அவருடையது தாத்தா காலத்திலிருந்து ஃபிஜியில் இருக்கிற குடும்பம், இந்த வழக்கமெல்லாம் தெரியும். செருப்பைக் கழற்றிவிட்டு ஒதுங்கி நின்றார்.

சிட்டிவேனி தம்புவாவை நீட்டியபடியே இருந்தார். பல்லில் கட்டிய கயிறு மெல்ல ஆடியது. தம்புவாவை இரண்டு கையாலும்தான் வாங்க வேண்டும். லோசலீனி முழங்காலிட்டாள். நோட்டு இன்னும் அவள் இரண்டு கைகளுக்குள்ளும் இருந்தது.