நீலமாகாத பஞ்சு

மருத்துவ அறையில் சிட்டிபாபு வாய்க்குள் பஞ்சுக் குச்சியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பஞ்சு எச்சிலில் போதுமான அளவு ஊறினால் குச்சியின் நுனி நீலமாகும். ஆகவில்லை.

காலையிலிருந்து அலுமினியம் உருக்கும் ஷெட்டில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியிருந்தான். பிரேக் பிடிக்காத வண்டி. நிற்க வேண்டிய இடத்தில் ஹெல்பர் பாலையா சக்கரத்துக்கு அடியில் மரக்கட்டை போடுவான். மாதக்கணக்கில் அப்படித்தான் வேலை நடந்தது. இன்று கட்டை வழுக்கிவிட்டது. பாலையாவின் பாதத்தில் சக்கரம் ஏறியது.

பாலையாவைத் திருப்பதி ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்சில் ஏற்றிவிட்டு, சேஃப்டி ஆபீசர் தாமோதரன் சிட்டிபாபுவை இங்கே கூட்டிவந்தார். கஞ்சா, மாத்திரை ஏதாவது போட்டிருக்கிறானா என்று பார்க்க வேண்டுமாம்.

சிட்டிபாபு குச்சியை வெளியே எடுத்தான்.

"வாயி காஞ்சி கெடக்குது. ஒரு வாய் தண்ணி குடும்மா."

நர்ஸ் யமுனா தாமோதரனைப் பார்த்தாள். டெஸ்ட் முடியும்வரை தண்ணீர் கூடாது என்றார் அவர். குடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்து எடுக்கலாம் என்று அவள் சொல்லிப் பார்த்தாள். மேனேஜருக்கு உடனே ரிப்போர்ட் போக வேண்டும் என்றார்.

"பிரேக் இல்ல, பிரேக் இல்லன்னு உங்ககிட்டதான சார் சொல்லிக்கினே இருந்தேன்" என்றான் சிட்டிபாபு. "போயி அந்த வண்டி வாய்ல வையி இந்தக் குச்சிய."

தாமோதரன் குச்சியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். நுனி வெள்ளையாகவே இருந்தது. எச்சில் தராவிட்டால் டெஸ்ட்டுக்கு மறுத்ததாகத்தான் கணக்கு, மறுத்தவன் போதையில் ஓட்டியதாகக் கணக்கு என்று யமுனாவிடம் தெலுங்கில் சொன்னார். தெலுங்கு சிட்டிபாபுவுக்கும் தெரியும்.

"பாலையா பொண்டாட்டி வந்து கேட்டா, கஞ்சா துன்னுட்டு ஏத்திட்டான்னு சொல்லுவியா?"

தாமோதரன் அவன் கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றச் சொன்னார். நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார். யமுனா தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். சிட்டிபாபு வாங்கவில்லை.

ஷெட்டைத் தாண்டித்தான் கேட்டுக்குப் போக வேண்டும். அதே ஃபோர்க்லிஃப்ட் பாரம் ஏற்றிக்கொண்டு எதிரே வந்தது. வேறு யாரோ ஒருவன் ஓட்டினான். அதற்கு முன்னால் புது ஹெல்பர் ஒருவன் பின்னோக்கி நடந்துகொண்டிருந்தான், கையில் மரக்கட்டையோடு.

கட்டையைக் கழுவியிருந்தார்கள். இன்னும் ஈரம் சொட்டியது.