கேட்லாக்காரர் மாட்டிய பிரேக்

அந்த ஒர்க்‌ஷாப்பில் பிரேக் வேலை என்றால் மனைவிதான். கணவருக்குக் கவுண்ட்டர். சக்கரத்தின் டிஸ்க்கைக் கவ்வி நிறுத்தும் காலிப்பரில் எந்த வண்டிக்கு எது, எத்தனை பிஸ்டன் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவார். அதனால் அவருக்கு ‘கேட்லாக்’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. ஸ்பேனரைத் தொட்டால்தான் போச்சு! அவர் முறுக்கிய போல்ட் ஒவ்வொன்றையும் மனைவி வந்து மறுபடி ஒரு முறுக்கு முறுக்கிப் பார்ப்பாள். பதினோரு வருஷமாக இதே கதை. ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள். திட்டியிருந்தால்கூட அவருக்கு அவ்வளவு வலித்திருக்காது.

அன்று அவளுடைய வலக்கை சுளுக்கிக் கட்டோடு தொங்கியது. அந்த நேரம் பார்த்து ஒரு பள்ளிக்கூட வேன், முன் பிரேக் இரண்டும் இறுகிப்போய் வந்து நின்றது. மூன்றரைக்குப் பிள்ளைகளை ஏற்ற வேண்டும்.

“நான் மாட்டறேன்,” என்றார் கேட்லாக். இந்த ஒரு வேலையையாவது அவள் திரும்பத் தொட்டுப் பார்க்காமல் அனுப்ப வேண்டும். அவ்வளவுதான் அவர் ஆசை.

வேன் டிரைவர் சும்மா இருந்திருக்கலாம். “நாலு பிஸ்டன் காலிப்பர் போட்டா இன்னும் நல்லா நிக்குமாமேண்ணே?” என்று வாயைக் கிளறினார்.

கேட்லாக் விடுவாரா? புதுக் காலிப்பர் இரண்டையும் பெட்டியிலிருந்து எடுத்துக் கைக்கொன்றாகப் பிடித்துக்கொண்டார்.

“அது ஃபிக்ஸட். இடத்தை விட்டு அசையாது. ரெண்டு பக்கமும் பிஸ்டன் இருந்து டிஸ்க்கை அமுக்கும். உங்களுது ஃப்ளோட்டிங். பிஸ்டன் ஒரு பக்கம்தான். அது டிஸ்க்கை உரசற உள்பக்கத்துப் பேடைத் தள்ளும். தள்ளின தள்ளுல காலிப்பரே நகர்ந்து வெளிப்பக்கத்துப் பேடையும் இழுத்துட்டு வரும்.”

“நம்ம வீடு மாதிரின்னு சொல்லுங்க,” என்றாள் மனைவி. “ஒருத்தர் தள்ளுறது, ஒருத்தர் இழுபட்டு வர்றது. வாய் ஓடினது போதும், கையும் கொஞ்சம் ஓடட்டும்.”

கை ஓடியது. இரண்டையும் மாட்டினார். பிரேக் ஆயிலில் சிக்கிய காற்றை வெளியேற்றி ஏர் எடுக்க, அவள் சீட்டில் உட்கார்ந்து பெடலை மிதித்தாள்; அவர் கீழே காலிப்பரில் காற்று வெளியேறும் நிப்பிளைத் திறந்து மூடினார். ஆயில் சுத்தமாக வந்தது. பெடல் மட்டும் பஞ்சுபோல அமுங்கியது. இன்னொரு தடவை எடுத்தார்கள். அப்போதும் பஞ்சுதான்.

“இந்த ஆயில் சரியில்லை. இல்லேன்னா ஹோஸ்ல கோளாறு.”

“ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்!” என்றாள் மனைவி.

டிரைவர் மணி பார்த்தார். “ரெண்டு மிதி மிதிச்சா கெட்டியாயிடுதேண்ணே. அது போதும், விடுங்க.”

போதும் என்று டிரைவரே சொல்லிவிட்டார். தலையை ஆட்டினால் வேன் போய்விடும். கேட்லாக் கடைசியாக ஒருமுறை சக்கரத்துக்குள் எட்டிப் பார்த்தார். மேலே இருக்க வேண்டிய நிப்பிள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. காற்று மேலே தங்கிவிட்டது. கீழே திறந்தால் எப்படி வெளியே வரும்? பேச்சு மும்முரத்தில் இடது பக்கத்துக் காலிப்பர் எது, வலது பக்கத்துக் காலிப்பர் எது என்பதையே மாற்றிவிட்டிருக்கிறார்.

அவமானமாக இருந்தது. இருந்தாலும் எழுந்து நின்றார்.

“வண்டியைத் தர மாட்டேன். தப்பா மாட்டியிருக்கேன். இடது பக்கத்துது வலதுல இருக்கு. வேற வண்டி அனுப்பச் சொல்லி ஸ்கூலுக்குப் போன் போடுங்க.”

டிரைவர் முணுமுணுத்துக்கொண்டே போனை எடுத்தார். மனைவி சீட்டிலிருந்து குனிந்து பார்த்தாள்.

“கேட்லாக்ல எது எந்தப் பக்கம்னு போட்டிருக்காதாங்க?”

“போட்டிருக்கு. பெரிய எழுத்துல.”

அவள் சிரித்த சிரிப்பில் கட்டுப் போட்ட கை வலித்து “ஐயோ” என்றாள்.

கேட்லாக் மறுபடி சக்கரத்தடியில் உட்கார்ந்தார். கழற்றி, மாற்றி, மறுபடி ஏர் எடுத்தார். நிப்பிளிலிருந்து குமிழ் குமிழாகக் காற்று வந்தது. பெடல் கல்லாக நின்றது. காலி ரோட்டில் ஓட்டிப் பார்த்துவிட்டுச் சாவியை நீட்டினார்.

டிரைவர் அவரிடமிருந்து வாங்கவில்லை. “அக்கா, நீங்களும் ஒரு தடவை பாத்துடுங்க. இடது கை நல்லாத்தானே இருக்கு?”

கேட்லாக் தலையைக் குனிந்துகொண்டார்.

“நான் எதுக்கு?” என்றாள் மனைவி. “சரியில்லேன்னா அவரே தர மாட்டாரு. எடுத்துட்டுப் போங்க.”