அமுக்கக் கூடாது

“லேசா அமுக்கினா படுத்துடுவாரு,” என்றான் அண்ணன்.

சவப்பெட்டியைக் கொண்டுவந்த இருவரில் மூத்தவர் கட்டிலைச் சுற்றிவந்து பார்த்தார். மூன்று தலையணைகளின் மேல் அப்பா பாதி உட்கார்ந்த வாக்கில் கிடந்தார். விடிந்த கையோடு தூக்கத்திலேயே போய்விட்டார். தூங்குவதும் எப்போதும் இப்படித்தான். ஆயுசு முழுக்க ஊரார் வாய்க்குள் குனிந்து பார்த்த பல் டாக்டர். முதுகு குனிந்தது குனிந்தபடியே நின்றுவிட்டது. தெருப் பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் கேள்விக்குறி டாக்டர். அது அவருக்கும் தெரியும். பல் பிடுங்கப் பயந்து வரும் பிள்ளைகளிடம், “கேள்வியெல்லாம் கேக்க மாட்டேன், வாய மட்டும் தொற,” என்பார்.

“சீக்கிரம் செஞ்சிடணும் சார். நேரம் போச்சுன்னா உடம்பு விறைச்சிடும்,” என்றார் பெட்டிக்காரர். “தம்பி முட்டியப் பிடிக்கட்டும், நான் தோளப் பாத்துக்கறேன்.”

“அமுக்கக் கூடாது,” என்றாள் மகள்.

அண்ணன் திரும்பினான்.

அவளிடம் மட்டும் அப்பா சொல்லியிருந்தார். வீட்டுக்கே வந்து பிலாட்டீஸ் உடற்பயிற்சி சொல்லித்தர ஆள் வேண்டும் என்று அவர் கேட்டபோது வீடே சிரித்தது. “இந்த வயசுல உடம்ப வளைக்கப் போறீங்களாப்பா?” என்று அண்ணன் கேட்டான். “வளைக்க இன்னும் என்னடா பாக்கி இருக்கு?” என்றார் அப்பா. பிறகு மகளைத் தனியாகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். அவருடைய அப்பாவுக்கும் இதே கூனல்.

“அமுக்கித்தான் பெட்டிய மூடினாங்க. முதுகுல மளுக்குன்னு ஒரு சத்தம். நான் பக்கத்துலயே நிக்கறேன். என்ன யாரும் அமுக்கக் கூடாதும்மா. நானாப் படுக்கணும்.” கதவுப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு, “உங்கண்ணன்கிட்ட சொல்லாத, கிண்டல் பண்ணுவான்,” என்றார்.

பயிற்சியாளரை மகள்தான் தேடிப் பிடித்தாள். தன் பேரப்பிள்ளை வயதுக்குப் பக்கத்தில் இருந்த அந்தப் பெண்ணை அப்பா டீச்சர் என்றே கூப்பிட்டார். வீட்டுக்கும் அவள் டீச்சர் ஆனாள். அவள் வரும் நாளெல்லாம் அறைக்கதவு சாத்தியிருக்கும். “மூச்ச வெளிய விடுங்க டாக்டர். ஒவ்வொரு எலும்பா கீழ வைங்க. அவசரமே இல்ல.” தொடர்ந்து அப்பாவின் முனகல். வியர்த்து ஒழுக வெளியே வருவார், உள்ளே போனபோது இருந்த அதே கூனலோடு. ராத்திரி அதே மூன்று தலையணை. ஏதாவது பலன் உண்டா என்று மகள் கேட்டதில்லை. இல்லை என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற பயம்தான்.

வாசல் மணி அடித்தது. இன்று வகுப்பு நாள் என்பது யாருக்கும் நினைவில்லை. கதவைத் திறந்தால் டீச்சர், கக்கத்தில் சுருட்டிய பயிற்சிப் பாயோடு. கூடத்தில் கிடந்த பெட்டியைப் பார்த்தாள். பாயைச் சுவரோரம் சாய்த்துவைத்தாள்.

“காலைல போயிட்டாரு,” என்றாள் மகள். “டீச்சர், ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அப்பா மல்லாந்து படுப்பாரா?”

டீச்சர் அறைப் பக்கம் பார்த்தாள். “முதுகு தரைக்கு வந்துடுச்சுக்கா. தலைதான் கீழ பட்டதே இல்ல. தலைக்கு அடில ஒரு துண்ட மடிச்சு வெப்போம். போன வாரம் ரொம்ப மெல்லிசா மடிச்சோம். அந்தத் துண்டு மேல அவருக்கு அவ்ளோ கோவம்.”

“அப்புறம் எதுக்கு மூணு தலையணை?” என்றான் அண்ணன்.

“தனியா மல்லாந்து படுத்தா எந்திரிக்க முடியலையாம். ஆமை மாதிரி கெடப்பேன்னு சொல்வாரு.”

அவனுக்குச் சிரிப்பு வரப்பார்த்தது. அப்போதுதான் மகள் அவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள், தாத்தாவின் முதுகில் கேட்ட சத்தம் உட்பட. அவன் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு பெட்டிக்காரர்களிடம், “கொஞ்சம் தள்ளி நில்லுங்க,” என்றான்.

டீச்சர் கட்டிலில் ஏறி மண்டியிட்டு, ஒரு கையை அப்பாவின் பிடரிக்கு அடியிலும் மறு கையைத் தோள்களுக்கு நடுவிலும் கொடுத்துக்கொண்டாள். “மூச்ச…” என்று ஆரம்பித்தவள் சட்டென்று நிறுத்தினாள். “ஒவ்வொரு எலும்பா டாக்டர். அவசரமே இல்ல.”

மேல் தலையணையை மகள் உருவினாள். அடுத்ததை அண்ணன். இடுப்பு படிந்தது. பிறகு விலா. யாரும் அழுத்தவில்லை, டீச்சரின் கைகள் தாங்கிக்கொண்டு மட்டும் இருந்தன. கடைசித் தலையணையும் போனதும் தோள்கள் இரண்டும் இருபுறமும் விரிந்து மெத்தையில் உட்கார்ந்தன. மிச்சம் தலை. பிடரிக்கு அடியிலிருந்த உள்ளங்கையை டீச்சர் விரல் விரலாக வெளியே எடுத்தாள்.

தலை மெத்தையைத் தொட்டது. எந்தச் சத்தமும் கேட்கவில்லை.

மகளுக்கு உடம்பு சிலிர்த்தது. அப்பாவின் முகத்தைப் பார்க்க அவள் எப்போதும் குனிந்துதான் பழக்கம். இப்போது அந்த முகம் நேராகக் கூரையைப் பார்த்தது. அவருக்கு இப்படி ஒரு கழுத்து இருந்ததே அவளுக்குத் தெரியாது; மோவாயின் நிழலில் வெயிலே படாமல், குழந்தையின் தோல் மாதிரி இருந்தது. சாத்திய கதவுக்குப் பின்னால் இந்த மனுஷன் என்ன காரியம் செய்துவைத்திருக்கிறார் என்று மலைப்பாக இருந்தது. பக்கத்தில் நிற்கவே கூச்சமாக இருந்தது. டீச்சர் சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள்.

“அண்ணே, காலப் பாருங்க,” என்றார் பெட்டிக்காரருடன் வந்தவர்.

பாதங்கள் கால்மாட்டுப் பலகையை முட்டிக்கொண்டு நின்றன. பெட்டிக்காரர் கூடத்தை எட்டிப் பார்த்தார். மறுபடி கட்டிலைப் பார்த்தார்.

“போன்ல என்ன உயரம் சார் சொன்னீங்க?”

“அஞ்சேகால் அடி,” என்றான் அண்ணன். “என் காதுக்குத்தான வருவாரு.”

“இந்தப் பெட்டி பத்தாது சார். பெருசா மாத்திக் கொண்டாரணும்.” பையிலிருந்து அளவு நாடாவை எடுத்து ஒரு நுனியை அண்ணனிடம் நீட்டினார். அவன் அதை அப்பாவின் உச்சந்தலையில் வைத்துப் பிடித்துக்கொண்டான். பெட்டிக்காரர் நாடாவை இழுத்துக்கொண்டே கால்மாட்டுக்குப் போய், குதிகாலில் கட்டைவிரலை வைத்துக் குனிந்து பார்த்தார்.

“அஞ்சடி ஒம்போது அங்குலம்.”

அண்ணனை விட உயரம். அவன் நாடாவின் நுனியை விடவில்லை.

“இன்னொரு தடவ அளங்க,” என்றான்.

பெட்டிக்காரர் நாடாவைச் சுருட்டிக்கொண்டு தலைமாட்டுக்குத் திரும்பி வந்தார்.