காவலுக்கு நின்ற கைதிகள்

எங்கள் முகாம் கர்னலுக்கு மூளை இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. இருந்தது, அதுதான் எங்கள் தலையெழுத்து.

சண்டைக் காலத்தில் ரேடியோ ரிப்பேர் செய்த பாவத்துக்கு என்னையும் என் தம்பியையும் உளவாளிகள் என்று பிடித்து அடைத்திருந்தார்கள். விசாரணை என்று தம்பியின் வலது காலை உடைத்தார்கள். கால் கறுத்துக்கொண்டே வந்தது. டாக்டரைக் கூப்பிடுங்கள் என்று கெஞ்சினால், "மேலிடத்து உத்தரவு வரட்டும்டா" என்பார்கள் சிப்பாய்கள். வெளியாள் ஒருவர் அந்தக் காலைப் பார்த்தால் போதும் என்று கிடந்து தவித்தேன்.

கைதிகளை எப்படி நடத்துகிறார்கள் என்று விசாரிக்க ஒரு நீதிபதி அம்மா வருவதாகச் செய்தி வந்தது. எங்களைக் காட்டினால் வம்பு என்று கர்னல் கொழுகொழுவென்றிருந்த சிப்பாய்களுக்குக் கைதி உடை மாட்டிக் கம்பிக்கதவுக்குள் உட்கார வைத்துப் பூட்டினார். அப்புறம்தான் காவலுக்கு ஆள் இல்லை என்பது உறைத்தது. எங்கள் பக்கம் கையைக் காட்டினார்.

"இவனுங்களுக்கு யூனிஃபார்ம் மாட்டுங்கடா. வாயைத் திறந்தீங்க, தொலைச்சிடுவேன்!"

குண்டில்லாத துப்பாக்கியோடு நாங்கள் காவலுக்கு நின்றோம். சாவிக்கொத்து என் இடுப்பில். ஒரு கை துப்பாக்கிக்கு, மறு கை நழுவும் கால்சட்டைக்கு. தம்பி சுவரில் சாய்ந்து ஒற்றைக்காலில் நின்றான். கூத்தோ கூத்து!

நீதிபதி அம்மா தன் ஆட்களோடு வந்தார், பின்னால் கர்னல். கர்னலைக் கண்டதும் உள்ளேயிருந்த 'கைதிகள்' அத்தனை பேரும் படாரென்று எழுந்து சல்யூட் அடித்தார்கள். பழக்கதோஷம்.

"பரவாயில்லையே, மரியாதை தெரிஞ்ச கைதிங்க," என்ற அம்மா எங்கள் பக்கம் திரும்பினார். "காவல்காரங்கதான் எலும்பும் தோலுமா இருக்காங்க. உன் கால் என்னப்பா ஆச்சு?"

தம்பி கர்னலைப் பார்த்தான். எனக்குப் பொறுக்கவில்லை.

"அடிச்சு உடைச்சிட்டாங்கம்மா!"

அம்மா கர்னலை முறைத்தார். "சொந்த சிப்பாயையே அடிச்சீங்களா? உங்க வேலை போச்சு!"

கர்னல் கையெடுத்துக் கும்பிட்டார். "ஐயோ மேடம், என் சிப்பாய் மேல கை வைப்பேனா? இவனுங்க கைதிங்க! கைதியைத்தான் அடிச்சோம்!"

அதைச் சொன்னால் தப்பித்துவிடலாம் என்று அந்த மனுஷன் மனசார நம்பினார்.

"மெதுவா, இன்னொரு தடவை சொல்லுங்க. எழுதிக்கறோம்," என்றார் அம்மா.

கர்னலை ஒரு வண்டியில் ஏற்றினார்கள், தம்பியை ஆம்புலன்ஸில். அவன் பின்னாலேயே அழுதுகொண்டு ஓடினேன். கம்பிக்கதவுக்குள்ளிருந்து ஒரு சிப்பாய் கத்தினான்.

"அண்ணே, சாவி உங்ககிட்ட இருக்குண்ணே! திறந்து விடுங்கண்ணே!"

நேற்றுவரை 'டேய்'. இன்றைக்கு அண்ணனாம்!

"மேலிடத்து உத்தரவு வரட்டும் தம்பி," என்று சொல்லிவிட்டு ஆம்புலன்ஸில் ஏறினேன்.