ஈரம் பட்ட தேதி

பசுவந்தனைக்கு இந்த வருஷம் உளுந்து விதை கிடையாது. சென்னை ஆய்வு நிறுவனம் அனுப்பிய, ஊருக்கொரு கம்பமாக வரைந்த விளக்கப்படத்தில் அந்த ஊரின் கம்பம் சிவப்பாக நின்றது. கீழே ஒரே வரி: தாமத விதைப்பு. முதல் மழைக்கு முன்னால் விதைக்காத ஊருக்குக் கம்பெனி விதை ஒதுக்குவதில்லை.

கோவில்பட்டி உழவர் கம்பெனியில் அறிக்கை தயாரிப்பவள் செண்பகவல்லி. வெகுநேரம் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கம்பெனி விதை கொடுக்காவிட்டால் அந்த ஊர்க்காரர்கள் கடையில் கிடைப்பதைத்தான் போடுவார்கள். பாதி முளைக்காது.

“மூலக் கணக்கப் பாக்கணும் அண்ணாச்சி.”

மேலாளர் நவநீதகிருஷ்ணன் நிமிரவில்லை. “நம்ம கணினியிலதான் கெடக்கு. ஆனா தெறக்க முடியாது. புள்ளிவிவர மென்பொருள்ல செஞ்ச கோப்பு. நம்ம ரிப்போர்ட்டுக்குள்ள வரணும்னா சென்னைக்காரவிய சர்வர் வழியாத்தான் வரணுமாம். சந்தா கட்டச் சொல்லுதாவ.”

“கோப்பும் இங்கன, ரிப்போர்ட்டும் இங்கன. அடுத்த தெருவுக்குப் போக மதுரைக்கு பஸ் ஏறணுமா?”

“சென்னைல அப்படித்தாம்மா சொல்லுதாவ. நாளைக்கழிச்சு வெத ஒதுக்குற கூட்டம். இழுத்து விட்றாத.”

அவள் இணையத்தில் தேடினாள்.

அந்தக் கோப்புகளைப் படிப்பதற்கென்றே சின்ன இணைப்பு மென்பொருள் ஒன்று இலவசமாகக் கிடைத்தது. நிறுவினாள். ரிப்போர்ட் மென்பொருளின் பட்டியலில் அது தென்படவே இல்லை. இணைப்பு முப்பத்திரண்டு பிட் வகை, ரிப்போர்ட் மென்பொருள் அறுபத்து நான்கு; ஒன்றோடொன்று பொருந்தாது. எடுத்துவிட்டுச் சரியானதைப் போட்டாள். இப்போது சர்வர் பெயர் என்ன என்று ஒரு கட்டம் கேட்டது. அந்த வெற்றுக் கட்டத்தின் முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தாள். பிறகு, வெளியே எங்கும் போகாதே, இந்தக் கணினியிலேயே பார் என்று பொருள்படும் குறிச்சொல்லை அதில் அடித்தாள். கோப்புகள் இருக்கும் இடத்தின் முழுப் பாதையையும் கொடுத்தாள்.

வரிசை வரிசையாகப் பெயர்கள் வந்து விழுந்தன.

பசுவந்தனையில் எல்லோருக்கும் விதைத்த தேதி ஒன்றே. பக்கத்துப் பத்தியில் முதல் மழைத் தேதி. இரண்டும் ஒரே நாள்.

பெத்தம்மாளை போனில் கூப்பிட்டாள். அந்த ஊரில் கரிசல் காடு உழுது பயிர்செய்யும் சம்சாரி, அவளுக்கு மதினி முறை.

“மதினி, போன வருஷம் உளுந்து எப்ப வெதச்சிய?”

“மழ விழுந்த அன்னைக்கு.”

“அன்னைக்கே காட்டுல எறங்குனியளா?”

“ஏட்டி, கோவில்பட்டிக்குப் போயி கரிசல மறந்துட்டியா? மழ அன்னைக்கு எறங்குனா முட்டளவு மண்ணு ஏறும். புழுதியிலயே முன்னாடி போட்டாச்சு. ஈரம் பட்டாத்தான அது வெத? அதுவரைக்கும் கோழிக்குப் போட்ட கணக்குத்தான்.”

செண்பகவல்லி சிரிக்கவில்லை. போனை வைத்துவிட்டுச் சிவப்புக் கம்பத்தை மறுபடி பார்த்தாள்.

கூட்டத்தன்று காலையில் அவள் சொன்னதைக் கேட்டுவிட்டு மேலாளர் சென்னைக்குப் பேசினார். ஸ்பீக்கரில் ஆய்வு நிறுவன அதிகாரியின் குரல் கறாராக வந்தது. “எங்க சர்வர் இல்லாம எப்படித் திறந்தீங்க?”

“பூட்டு எதையும் உடைக்கல சார். கோப்பு எங்க உறுப்பினர் சொன்ன கணக்கு. அது இருக்கிற எடத்துலயே படிச்சேன்” என்றாள் செண்பகவல்லி.

“அந்தத் தேதியைச் சொன்னதே அந்த ஊர்க்காரங்கதான்.”

“அவிய பொய் சொல்லல. வெத மண்ணுல விழுந்தது எப்பன்னு நீங்க கேக்கல.”

மேலாளர் ஸ்பீக்கரை அணைத்தார். “இந்தக் கூட்டத்துக்கு அவிய படத்தயே போடு. பெறகு எழுதிக் கேப்போம்.”

“பெறகுன்னா வெத முடிஞ்சிரும். அந்தப் படத்த நான் போட மாட்டேன் அண்ணாச்சி. வேற ஆள வச்சுப் போடுங்க. அப்பவும் நான் எந்திரிச்சுச் சொல்லுவேன்.”

அவர் அவளைப் பார்த்தார். அவள் கண்ணைத் தாழ்த்தவில்லை. கடைசியில் மடிக்கணினியை அவள் பக்கம் தள்ளினார்.

கூட்டத்தில் இருந்த இயக்குநர்கள் எல்லோரும் சம்சாரிகள். அவள் இரண்டு பத்திகளையும் திரையில் காட்டிவிட்டு, “இந்த ஊரு மொத்தமும் மழை நாள்ல காட்டுக்குள்ள எறங்கி வெதச்சிருக்குன்னு சென்னைல எழுதியிருக்கு” என்றாள்.

“வெதச்சவன் இன்னும் அங்கனதான் நிப்பான், காலப் புடுங்க முடியாம” என்றார் பின்வரிசைக்காரர். கூடம் சிரித்தது.

பசுவந்தனை விதைப் பட்டியலில் ஏறியது. சாயங்காலம், அந்த இணைப்பை உடனே நீக்கும்படி சென்னையிலிருந்து மின்னஞ்சல் வந்தது. செண்பகவல்லி அதைப் படித்தாள், மூடினாள். படத்தில் குளத்தூர் என்ற ஊரின் கம்பமும் சிவப்பில்தான் இருந்தது. அந்த ஊர்க் கோப்பின் பாதையை அடிக்கத் தொடங்கினாள்.