நாவூறு

நிலாணிக்கு மல்வேர்ன் வெயர்ஹவுஸுக்குள் கால் வைக்கவே கூசியது. ஸ்காபரோவில் கம்பனிக்கு இருந்த வெயர்ஹவுஸ்களையெல்லாம் மூடிவிட்டு, மில்டனில் மெஷின்களே பெட்டி எடுத்துக் கொடுக்கும் ஒரே இடமாக்குகிற திட்டம் அவளுடையது. மண்டையை உடைத்துச் செய்த திட்டம். நல்ல திட்டம்தான், அதில் அவளுக்கு இன்றைக்கும் சந்தேகமில்லை. திங்கட்கிழமை கம்பனி அறிவிக்கும்வரை மூச்சு விடுவதில்லை என்று கையெழுத்தும் போட்டிருந்தாள். விட்டால் அன்றைக்கே சீட்டுக் கிழிந்துவிடும்.

கெட்ட காலத்துக்கு, அங்கே வேலை செய்பவர்களில் பாதிப் பேர் எங்கள் தமிழ் ஆட்கள். ஒருவர் வேலைக்குச் சேர்ந்தால் மச்சானைக் கூப்பிடுவார், மச்சான் சகலனைக் கூப்பிடுவார், அப்படியே ஒரு ஷிப்ட் நிரம்பிவிடும். எங்கள் ஆட்களுக்கு இன்னொரு குணமும் உண்டு. நல்ல காரியம் கைகூடும்வரை வாய் திறக்கமாட்டார்கள், நாவூறு பட்டுவிடுமாம். வீடு வாங்கினால் குடிபுகும் நாளில்தான் கூடப்பிறந்தவனுக்கே தெரியவரும். ஆகவே ஒருவர் எதையாவது சொல்லாமல் மழுப்பினால், கையில் நல்ல செய்தி இருக்கிறது என்று அர்த்தம்.

நிலாணியோ, வெயர்ஹவுஸ் என்ன ஆகப்போகிறது என்று கேட்டவர்களிடம் மாதக்கணக்காக மழுப்பிக்கொண்டிருந்தாள். "இப்ப ஒண்டும் சொல்லேலாது" என்பாள். கேட்டவர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பார்கள். இடத்தைப் பெருப்பிக்கப் போகிறார்கள் என்று கதை பரவிவிட்டது. இல்லை என்று தலையாட்டிப் பார்த்தாள், இன்னும் உறுதியாக நம்பினார்கள்.

அன்றைக்குச் சாப்பாட்டு அறையில் அன்புராசா தனியாக இருந்தார். பகல் ஷிப்டுக்குப் பொறுப்பான மனிதர். அவளைக் கண்டதும் பிளாஸ்கில் இருந்து தேத்தண்ணி ஊற்றி நீட்டினார்.

"பிள்ளை, எனக்கு பஸ் ஓட்டுற வேலை ஒண்டு சரிவந்ததெல்லோ!"

நிலாணி கோப்பையை வாங்கினாள். ஒரு மனிதராவது தப்பட்டும். கதவைப் பார்த்தாள், யாரும் இல்லை.

"அண்ணை, அதுக்குப் போங்கோ. இஞ்சை நிக்காதேங்கோ."

"ஏன்?"

"இந்த வெயர்ஹவுஸ் இருக்காது, அண்ணை. மூடப்போறம்."

அன்புராசா தன்னுடைய கோப்பையை மெதுவாக மேசையில் வைத்தார்.

"நான் வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டனே, பிள்ளை. போன கிழமை கோயில்ல வைச்சு, இஞ்சை பெருப்பிக்கினமோ எண்டு உங்களைக் கேட்டனான். நீங்கள் ஒண்டும் சொல்லாமல் சிரிச்சனீங்கள். அது போதும் எண்டு நினைச்சன்."

சிரித்தது உண்மைதான். வேறு என்ன செய்வதென்று தெரியாமல் சிரித்த சிரிப்பு அது.

"திரும்ப ஒருக்கா அவையிட்டைக் கேட்டுப் பாருங்கோ."

"அந்த இடத்துக்கு வேற ஆளை எடுத்திட்டாங்கள்."

என் வேலை போனால் போகட்டும், எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள் என்று சொல்ல நிலாணி வாயெடுத்தாள். சொல்லவில்லை. மனம் வரவில்லை. அதை நினைக்க அவளுக்கே வெட்கமாக இருந்தது.

அவர் அவளுடைய முகத்தைப் பார்த்துவிட்டார்.

"பயப்பிடாதேங்கோ. நான் ஒருத்தருக்கும் மூச்சு விடமாட்டன். நீங்களும் எங்கட பிள்ளைதானே."

அவர் நாலு வார்த்தை ஏசியிருந்தால் எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும். கண் கலங்கியதை மறைக்கத் தேத்தண்ணியைக் குடித்தாள்.

கதவு திறந்தது. பாக்கிங் பகுதியில் வேலை செய்யும் கஜனி சாப்பாட்டுப் பெட்டியோடு வந்தாள்.

"என்னண்ணை, ரெண்டு பேரும் ரகசியம் கதைக்கிறியள்? பெருப்பிக்கிற கதைதானே?"

அன்புராசா நிலாணியை ஒருமுறை பார்த்தார். பிறகு கஜனியைப் பார்த்துச் சிரித்தார்.

"இப்ப ஒண்டும் சொல்லேலாது, பிள்ளை."

கஜனியின் முகம் பூரித்துப்போயிற்று. சாப்பாட்டுப் பெட்டியை மேசையிலேயே வைத்துவிட்டு, மற்றவர்களுக்குச் சொல்ல ஓடினாள்.