மாதா காலடி வரை

தாராவியில் வளர்ந்தவர்களுக்கு ஒரு பயம் உண்டு. முக்காலியில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எவனாவது தெருவை அளந்தால், இடிக்க வருகிறான் என்றுதான் அர்த்தம். தாராவி ரூமை விற்றுவிட்டு, கல்யாணுக்கு வெளியே உல்லாஸ் ஆற்றங்கரைப் பள்ளத்தில் குடியேறிய பிறகும் இருதயமேரியின் சாலில், அந்த வரிசை வீடுகளில், யாருக்கும் அந்தப் பயம் விட்டுப்போகவில்லை. ஆற்றுக்கும் வீடுகளுக்கும் நடுவே வயலில் புது ரோடு வருகிறது, அளக்க ஆள் வருகிறது என்று தெரிந்ததும், அவள் புருஷன் சூசைமாணிக்கம் முதல் வேலையாகச் சுவரில் இருந்த வெள்ளக்கறையின் மேல் பெயிண்ட் அடித்தான்.

அந்தக் கறை அவள் நெஞ்சு உயரத்தில், மாதா சுரூபம் வைத்த பலகையை ஒட்டி இருந்தது. பெருவெள்ளம் வந்த வருஷம் தண்ணீர் அதுவரை ஏறி, சாயங்காலமே வயல் வழியாக ஆற்றுக்கு வடிந்துவிட்டது. "மாதா காலைத் தொட்டுட்டுத் திரும்பிப் போயிட்டு" என்று கோயிலில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சூசைமாணிக்கம் சொல்லுவான். ஊரிலிருந்து வந்த சொந்தக்காரர்கள் அந்தக் கறையைத் தொட்டு நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டதும் உண்டு.

இப்போது அதைச் சொல்லக்கூடாது. நெஞ்சு வரை வந்தது என்றால் வீடு சர்க்கார் போடும் வெள்ளக் கோட்டுக்குள் விழும். கோட்டுக்குள் விழுந்த வீட்டுக்கு ஆயுசு கிடையாது. யார் கேட்டாலும் முழங்கால்தான் என்று சால் முழுக்கப் பேசி வைத்துக்கொண்டார்கள்.

அளக்க வந்தவள் சுஷ்மா என்ற சின்ன வயது இஞ்சினியர். "பெரிய வெள்ளத்துல தண்ணி எதுவரை வந்துச்சு மாவுஷி? கையால காட்டுங்க" என்று சித்தி முறை வைத்து இந்தியில் கேட்டாள்.

இருதயமேரி குனிந்து முழங்காலைத் தொட்டாள். நிமிரும்போது மாதாவின் பக்கம் பார்க்கவில்லை. சுஷ்மா வெளிச்சுவரில் அந்த உயரத்துக்கு ஒரு சிவப்புக் கோடு போட்டுவிட்டுப் போனாள்.

அவள் தலை மறைந்ததும் பக்கத்து வீட்டுப் பேராச்சி எட்டிப்பார்த்தாள். "யக்கா, நீங்க முட்டின்னா சொன்னீய? நான் கரண்டக்கால்னுல்லா சொன்னேன். நம்ம ரெண்டு வீட்டுக்கும் நடுவுல தண்ணி மாடிப்படி ஏறி வந்துச்சான்னு கேக்கப் போறா!"

இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

கோடை முழுக்க லாரிகள் மண்ணைக் கொட்டின. ரோடு சாலின் கூரையைவிட உயரமாக எழுந்தது. வாசலில் நின்றால் தெரிந்துகொண்டிருந்த ஆறு காணாமல் போயிற்று. தண்ணீர் வெளியேற அடியில் சிமெண்டுக் குழாய்கள் பதித்திருந்தார்கள். ஒரு எருமை நுழைந்தால் மாட்டிக்கொள்ளும். காய் வாங்கித் திரும்பும்போதெல்லாம் அவள் அந்த வாய்களைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"ஏங்க, அம்புட்டுத் தண்ணியும் அந்தப் பொந்து வழியாவா போவும்?"

"படிச்சவன் கணக்குப் போட்டுத்தான் வச்சிருப்பாம்ட்டி."

"நம்ம சொன்னதை வச்சுத்தான கணக்குப் போட்டிருப்பான்?"

சூசைமாணிக்கத்தின் சோறு பிசைந்த கை நின்றது. "மாதா பாத்துக்கிடுவா" என்றான் கடைசியில்.

மழைக்கு முன்பாக ஒருநாள் அவள் ரோட்டின் மேல் ஏறிப்போனாள். தார் உருளைக்குப் பக்கத்தில் சுஷ்மா நின்றிருந்தாள்.

"முட்டி இல்ல மேடம்." இருதயமேரி தன் நெஞ்சில் கையை வைத்தாள். "இங்க."

சுஷ்மா அந்தக் கையையே பார்த்தாள். உருளை போய்த் திரும்பி வந்தது. "அன்னைக்கே ஏன் சொல்லல?"

"வீடு" என்றாள் இருதயமேரி. அதற்கு மேல் இந்தி வரவில்லை.

"இப்ப எழுதிக் கொடுத்தா ரோட்டைப் பிரிக்க மாட்டாங்க, மாவுஷி. கோட்டைத்தான் உங்க வீட்டைத் தாண்டி நகர்த்துவாங்க." பேனாவை எடுத்துக்கொண்டு கேட்டாள்: "எழுதட்டுமா?"

கீழே சாலின் தகரக் கூரைகள் வெயிலில் மினுங்கின. பேராச்சி கொடியில் சேலை உலர்த்திக்கொண்டிருந்தாள். இருதயமேரி சரிவில் இறங்கி நடந்தாள். பின்னாலிருந்து யாரும் கூப்பிடவில்லை.

ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வரும்போதே சாக்கடை நாலா நிறைந்திருந்தது. முன்பெல்லாம் வெள்ளம் அவசரக்காரனைப் போல வந்து, சத்தம் போட்டு, வயல் பக்கமாக ஓடிவிடும். இது சத்தமில்லாமல் வந்தது. வந்து நின்றது. வாசலில் மிதந்த ஒரு வாதாம் இலை எந்தப் பக்கமும் நகரவில்லை. மதியத்துக்குள் சிவப்புக் கோடு முங்கிப்போயிற்று.

மேலே ரோட்டில் வண்டிகள் ஓடிக்கொண்டிருந்தன. சிலர் நிறுத்தி இறங்கி, கீழே பார்த்துப் போட்டோ எடுத்தார்கள்.

"யக்கா, மழைதான் விட்டுட்டே" என்றாள் பேராச்சி சுவருக்கு அந்தப்பக்கமிருந்து. "பொறவு ஏன் ஏறுது?"

இருதயமேரிக்குத் தெரியும். ரோட்டுக்கு அடியில் அந்தக் குழாய்கள் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

உள்ளே சூசைமாணிக்கம் கட்டிலின் மேல் நின்று, தான் பெயிண்ட் அடித்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். புதுப் பெயிண்டுக்கு அடியில் ஈரம் ஊறி, பழைய கறை மங்கலாகத் தெரிய ஆரம்பித்திருந்தது. அவன் கைகளை இடுப்புச் சாரத்தில் துடைத்தான். மாதா சுரூபத்தை இரண்டு கையாலும் பலகையிலிருந்து தூக்கினான்.

"பரண்ல ஏறு. இதைப் பிடி" என்றான், அவள் முகத்தைப் பார்க்காமல்.

தண்ணீர் அப்போது முழங்காலைத்தான் தாண்டியிருந்தது.